கால் ரத்தக்குழாய் அடைப்பு: நடையா, பலூனா, பைபாஸா?

“ஐந்து நிமிடம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நின்றால் இரண்டே நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மாத்திரை எழுதிக் கொடுத்து மூன்று மாதம் நடக்கச் சொல்கிறார். நடந்தால் வலிக்கிறது என்றுதானே போனேன்?”

பலர் கேட்கும் கேள்விகளைச் சேர்த்துப் பிசைந்தால் இப்படி ஒன்று வரும். இதில் என் கண்ணில் முதலில் படுவது அந்த 80 சதவீதம். இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, எண் பெரிதாக இருந்தாலே வயிற்றைக் கலக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. கால் கணக்கு வேறு. தொடைத் தமனி முழுக்க அடைத்துப்போயும், பக்கக் கிளைகள் பெருத்து ரத்தத்தைச் சுற்றுவழியில் கொண்டுபோவதால் பெரிய தொந்தரவு இல்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. அதைவிடக் குறைந்த அடைப்போடு, ஆறாத புண்ணால் விரலை இழப்பவர்களும் உண்டு. ஆக, எந்த வழி என்பதை ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வேறு எதை வைத்து என்று பார்ப்போம். பலூன் என்பது குழாய்க்குள் ஊதி அடைப்பை விரிப்பது, ஸ்டென்ட் என்பது அங்கே வைக்கும் உலோக வலை, பைபாஸ் என்பது அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்று வழி தைப்பது.

## அதற்கு முன் ஒரு சொல் குழப்பம்

தமிழில் நாம் இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியையும் நரம்பு என்கிறோம், அதைத் திரும்பக் கொண்டுவரும் சிரையையும் நரம்பு என்கிறோம், உண்மையான நரம்பையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். “கால் நரம்பில் அடைப்பு” என்று ஒருவர் சொன்னால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இதில் ஆபத்தும் இருக்கிறது. “நரம்பு சுருட்டல்” என்பது சிரைக் கோளாறு. அதற்கு இறுக்கமான காலுறை போடச் சொல்வார்கள். தமனி மோசமாக அடைத்திருக்கும் காலில் அதே காலுறையைப் போட்டால், கொஞ்சநஞ்சம் போகிற ரத்தமும் தடைபட்டுத் தோல் புண்ணாகிவிடும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி, நின்றால் மட்டும் போகாது. உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். தமனி அடைப்பு வலி, நின்ற இடத்திலேயே சில நிமிடங்களில் அடங்கிவிடும். திரும்ப ஏறக்குறைய அதே தூரம் நடந்தால் திரும்ப வரும். இதை ஜெர்மன் மொழியில் “கடைக் கண்ணாடி நோய்” என்கிறார்கள். வலியில் நிற்கிறவர், கடையை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார் அல்லவா, அதனால் வந்த பெயர்.

இந்தக் கட்டுரை தமனி அடைப்பைப் பற்றியது மட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: பாதிக்கப்பட்டிருப்பது நடையா, காலேயா?

நடந்தால் வலி, நின்றால் சரி, தோலில் புண் எதுவும் இல்லை என்றால் நடைதான் பாதிக்கப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்து பார்த்தால், 70 முதல் 80 சதவீதம் பேருக்குக் காலில் நிலைமை அப்படியே இருக்கிறது. சிலருக்குக் கூடுகிறது. காலை இழக்கும் நிலைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. அவர்களை உண்மையில் மிரட்டுவது வேறு இடத்தில் இருக்கிறது. அதே ஐந்தாண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வருகிறது. கால் அடைப்பு என்பது உடம்பு முழுவதும் ஓடும் குழாய்களின் நிலைமையைச் சொல்லும் தகவல்.

படுத்திருக்கும்போதே முன்பாதமும் விரல்களும் வலிக்கின்றன, இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால்தான் தூக்கம் வருகிறது, இரண்டு வாரம் தாண்டியும் புண் ஆறவில்லை, விரல் கறுக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபத்து காலுக்குத்தான். அப்போது மூன்று மாதம் நடந்து பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. நாட்கணக்கில் முடிவெடுக்க வேண்டும்.

நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளை இந்த அளவுகோல் ஏமாற்றும். உணர்ச்சி நரம்புகள் மங்கிப்போயிருப்பதால் அவர்களுக்கு நடை வலியும் தெரியாது, இரவு வலியும் தெரியாது. முதல் அறிகுறியே செருப்பு கடித்த புண்ணாக இருக்கலாம். வலிக்கவில்லை என்பது அவர்களுக்கு நல்ல செய்தி அல்ல.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம்: இடுப்பிலா, தொடையிலா, முழங்காலுக்குக் கீழா? சிறுநீரகமும் இதயமும் எதைத் தாங்கும்? பைபாஸுக்கு எடுக்கத் தகுந்த சிரை காலில் இருக்கிறதா? செய்த வேலை எத்தனை நாள் நிற்கும், கெட்டுப்போனால் அடுத்து என்ன வழி மிச்சம் இருக்கும்? கடைசியாக, அதிகம் பேர் கேட்க மறக்கும் ஒன்று: உங்களுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? தினமும் மூன்று மாடி ஏறி வேலை பார்க்கிறவரும், வீட்டுக்குள் நடமாடினால் போதும் என்கிறவரும் ஒரே அடைப்புக்கு வேறு வேறு முடிவெடுக்கலாம். இரண்டுமே நியாயம்தான்.

## எந்தச் சோதனை, எப்போது

### கணுக்கால்–கை அழுத்தக் கணக்கு

முதலில் செய்ய வேண்டியதும் இதுதான், அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான். ஊசி இல்லை, கதிர் இல்லை. பத்து நிமிடம் படுக்கவைத்துவிட்டு, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களுக்கு மேலேயும் பி.பி. பட்டையைச் சுற்றுவார்கள். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியைச் சாய்த்து வைத்தால் நாடி “உஸ்… உஸ்…” என்று கேட்கும். பட்டையை ஊத ஊத ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுவிடும். காற்றை மெதுவாக விட்டுக்கொண்டே வந்து, எந்த அழுத்தத்தில் சத்தம் திரும்புகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பாதத்தின் மேல்பக்கத்திலும் இதே வேலை. காலில் கிடைத்த எண்களில் பெரியதை, கைகளில் கிடைத்த பெரிய எண்ணால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விடை 0.60.

1.00 முதல் 1.40 வரை சரியான அளவு. 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். இடையில் இருப்பது எல்லைக்கோடு.

இது தடுமாறும் இடம் இரண்டு. சர்க்கரை நோயிலும் நாள்பட்ட சிறுநீரக நோயிலும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போகும். பட்டை எவ்வளவு ஊதினாலும் நசுங்காது. விடை 1.40-ஐத் தாண்டும், அல்லது பொய்யாக நார்மல் போலத் தெரியும். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். விரல் குழாய்களில் அந்த விறைப்பு அவ்வளவாக வருவதில்லை. விரல்–கை விகிதம் 0.70 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு. விரல் அழுத்தம் 30-க்கும் கீழே என்றால் புண் தானாக ஆறுவது கடினம். இரண்டாவது தடுமாற்றம்: படுத்திருக்கும்போது எண் சரியாக இருக்கிறது, நடந்தால் மட்டும் வலி. அவர்களை டிரெட்மில்லில் நடக்கவைத்து உடனே திரும்ப அளந்தால் கணுக்கால் அழுத்தம் சட்டென்று இறங்கியிருப்பது தெரியும்.

வீட்டில் உள்ள தானியங்கி பி.பி. கருவியைக் கணுக்காலில் கட்டிப் பார்க்கலாமா என்றால், வேண்டாம். அழுத்தம் குறைந்த காலில்தான் அது அதிகம் பொய் சொல்லும்.

### டாப்ளர் ஸ்கேன்

அடைப்பு எங்கே, எவ்வளவு, ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும். சாய மருந்தும் இல்லை, கதிரும் இல்லை. பார்க்கிறவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பலவீனம். வயிற்றுக்குள் வாயு இருந்தாலும் உடல் பருமனாக இருந்தாலும் இடுப்புத் தமனிகள் தெளிவாகத் தெரியாது. பல பேருக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடை சிகிச்சை என்று முடிவானால் இதற்கு மேல் படம் எதுவும் தேவைப்படாது.

### சி.டி., எம்.ஆர்., குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம்

சி.டி. ஆஞ்சியோ வேகமானது, வயிற்றிலிருந்து பாதம் வரை ஒரே படமாகக் கிடைக்கும். அயோடின் சாய மருந்து சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யலாம். சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தால் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்து, முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய குழாய்களில் அடைப்பை மிகைப்படுத்திக் காட்டும். எம்.ஆர். ஆஞ்சியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த இடம் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். சில பேஸ்மேக்கர்களோடு எடுக்க முடியாது. சிறுநீரகம் மிகவும் மோசமாக இருந்தால் அதில் செலுத்தும் கடோலினியம் மருந்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

தொடை இடுக்கில் குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் இன்றைக்கும் துல்லியமானது. அந்த மேசையிலேயே பலூனும் போட்டுவிடலாம் என்பது அதன் வசதி. ஆபத்தும் அதேதான். “சும்மா பார்த்துவிட்டு வரலாம்” என்று போய் ஸ்டென்ட்டோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். மேசையில் படுத்து மயக்கத்தில் கையெழுத்துப் போடும் முடிவு அல்ல இது. பார்ப்பது மட்டுமா, பார்த்ததும் செய்வதா, செய்வதென்றால் எந்த இடத்தில் என்பதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள்.

| சோதனை | எதற்குப் பதில் சொல்லும் | எங்கே தடுமாறும் |
|---|---|---|
| கணுக்கால்–கை அழுத்தம் | அடைப்பு இருக்கிறதா, எவ்வளவு கடுமை | சுண்ணாம்பு படிந்த குழாய் |
| விரல் அழுத்தம் | புண் ஆற ரத்தம் போதுமா | விரலில் புண், விரல் இல்லாதவர் |
| டாப்ளர் ஸ்கேன் | எந்த இடம், எவ்வளவு நீளம் | இடுப்புத் தமனி, அனுபவமற்ற கை |
| சி.டி. ஆஞ்சியோ | முழு வரைபடம் | சுண்ணாம்பு, சிறுநீரகம் |
| எம்.ஆர். ஆஞ்சியோ | முழு வரைபடம், கதிர் இல்லாமல் | ஸ்டென்ட், சில பேஸ்மேக்கர்கள் |
| குழாய் ஆஞ்சியோகிராம் | சிகிச்சைக்கான கடைசிப் படம் | கீறல் இடத்தில் ரத்தக்கசிவு, சாய மருந்து |

## எந்த வழி என்றாலும் செய்தே ஆக வேண்டியவை

மாத்திரை ஒரு பக்கம், ஸ்டென்ட் ஒரு பக்கம் என்று தராசில் வைப்பது தப்பு. எந்த வழியில் போனாலும் மாத்திரை உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், சர்க்கரை, பி.பி. கட்டுப்பாடு. “என் கொலஸ்ட்ரால் நார்மல்தானே, ஸ்டாட்டின் எதற்கு?” என்று கேட்பார்கள். அடைப்பு வந்துவிட்டது என்பதே அதற்கான காரணம். 1996-ல் வந்த கேப்ரி ஆய்வில், கால் அடைப்பு உள்ளவர்களிடம் ஆஸ்பிரினைவிட 75 மி.கி. குளோபிடோக்ரல் கூடுதல் பயன் தந்தது. அண்மைக் காலத்தில் ரிவரோக்சபன் என்ற உறைவுத் தடுப்பு மருந்தை 2.5 மி.கி. அளவில் தினம் இருவேளை, குறைந்த அளவு ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். காலுக்கும் இதயத்துக்கும் நல்லது. ரத்தக்கசிவு கூடும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

அப்புறம் புகை. ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டு புகையைத் தொடர்ந்தால், வைத்த வழி சீக்கிரமே அடைத்துவிடும். இளவயதில் புகைப்பவர்களுக்குக் கை, கால் விரல்களில் வரும் பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. அதில் புகையிலையை முழுசாக விடுவதுதான் சிகிச்சையே. குறைத்துக்கொள்வதெல்லாம் கணக்கில் சேராது.

## வழி 1: முறையாக நடப்பது

“நடங்க” என்று வாயால் சொல்லி அனுப்புவது சிகிச்சை அல்ல. அதில் பலன் கிடைப்பதும் அரிது. சிகிச்சை என்பது இப்படி இருக்கும்: மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வலி வரும் வேகத்தில் நடக்க வேண்டும். வலி வந்ததும் நிற்காமல், அது நடுத்தரமாகும் வரை தொடர வேண்டும். பிறகு வலி முழுக்க அடங்கும் வரை நிற்கவோ உட்காரவோ வேண்டும். மறுபடி நடை. இப்படி நடையும் ஓய்வுமாக 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், குறைந்தது 12 வாரம். எட்டு நிமிடம் வரை வலி வராமல் நடக்க முடிந்தால் வேகத்தையோ ஏற்றத்தையோ கூட்ட வேண்டும். வலிதான் இங்கே மருந்தின் அளவு. வலி வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறவர் அரை மாத்திரை சாப்பிடுகிறவர் மாதிரி.

இதனால் அடைப்பு கரைவதில்லை. தசை, கிடைக்கிற ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகுகிறது. குழாய்களின் உள்சுவர் விரிந்து கொடுக்கிறது. நடையின் தோரணையே மாறுகிறது.

பலன் எவ்வளவு? 2012-ல் வெளியான கிளெவர் ஆய்வில் இடுப்புத் தமனி அடைப்பு உள்ள 111 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் டிரெட்மில்லில் நடக்க முடிந்த அதிகபட்ச நேரம், மேற்பார்வையோடு நடந்தவர்களுக்குச் சராசரியாக 5.8 நிமிடம் கூடியது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7 நிமிடம். மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 1.2 நிமிடம். ஸ்டென்ட்டுக்கு மிகத் தோதான இடுப்புத் தமனியிலேயே இப்படி! ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று நோயாளிகளையே கேட்டபோது ஸ்டென்ட் வைத்தவர்கள்தான் கூடுதல் நிம்மதியைச் சொன்னார்கள்.

இதன் மறைமுகச் செலவு நேரம். வாரத்தில் மூன்று நாள், மூன்று மாதம். பிறகும் விடக் கூடாது. விட்டால் கிடைத்த பலன் மெல்லக் கரையும். மேற்பார்வை மையம் கிடைக்காதவர்கள், தேதி, நிமிடம், வலி வந்த நேரம் என்று நோட்டில் எழுதி வாராவாரம் ஒருவரிடம் காட்டிக்கொண்டே வீட்டுப் பக்கத்தில் நடந்தாலும் பயன் உண்டு. காலில் புண், ஓய்வு வலி, நிலையற்ற நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

கூடவே சிலோஸ்டசால் 100 மி.கி. இருவேளை கொடுப்பதுண்டு. நடை தூரத்தைக் கொஞ்சம் கூட்டும். தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம்.

## வழி 2: பலூன், ஸ்டென்ட்

இந்த முறை பிறந்ததே காலில்தான், இதயத்தில் அல்ல. 1964 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர், விரல் அழுகிக் காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியைக் குழாய்களாலேயே அகலப்படுத்தினார். அந்த மூதாட்டி தன் காலில் நடந்து வீடு போனார். பலூன் பிறகு வந்தது. ஆன்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்ற டாக்டர் அதையும் முதலில் கால் தமனியில்தான் பயன்படுத்தினார், 1977-ல்தான் இதயத்துக்குக் கொண்டுபோனார்.

பெரும்பாலும் உள்ளூர் மயக்க மருந்து போதும், ஓரிரு நாளில் வீடு, வலி உடனே குறையும். ஆள் யாராக இருந்தாலும் இது கவரத்தான் செய்யும். கேட்க வேண்டியது, எந்த இடத்தில் என்பது. இடுப்புத் தமனி அகலமானது, ரத்தம் வேகமாக ஓடும் இடம். அங்கே வைத்த ஸ்டென்ட் பல ஆண்டுகள் நிற்கும். தொடைத் தமனியில் அடைப்பு நீளமாக இருந்தால் திரும்பச் சுருங்கும் வாய்ப்பு அதிகம். முழங்காலுக்குப் பின்னால் குழாய் ஒவ்வொரு அடிக்கும் மடங்கி நிமிரும். அங்கே உலோக வலையை வைப்பதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். முழங்காலுக்குக் கீழே, நடை வலிக்காக மட்டும் கைவைப்பது பொதுவாக நல்லதல்ல.

மருந்து பூசிய பலூனும் ஸ்டென்ட்டும், குழாய் திரும்பச் சுருங்குவதைக் குறைக்கின்றன. பாக்லிடாக்செல் பூச்சால் இறப்பு கூடுகிறதோ என்று 2018-ல் ஒரு பெரிய பயம் கிளம்பியது. கூடுதல் தரவுகளைப் பார்த்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று 2023-ல் சொல்லிவிட்டது. பழைய செய்தியைப் பார்த்து மிரள வேண்டாம்.

மறைமுகச் செலவுகள்: திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கலாம். இரண்டு ரத்த மெலிவு மருந்துகளைச் சில மாதம் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். பெயர்ந்த ரத்தக்கட்டி கீழே போய்ச் சின்னக் குழாயை அடைக்கலாம். ஸ்டென்ட்டே முழுக்க அடைத்துக்கொண்டால் முன்பு இருந்ததைவிடக் கால் மோசமாகலாம்; பின்னால் பைபாஸ் தைக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கவும் கூடும். அதனால்தான், நடை வலி மட்டும் உள்ளவருக்கு “இப்போதே சரிசெய்யாவிட்டால் நாளைக்குக் காலை எடுக்க வேண்டிவரும்” என்ற காரணத்துக்காகப் பலூனோ பைபாஸோ செய்யக் கூடாது என்று அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த வாக்கியம் உங்களிடம் சொல்லப்பட்டால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

## வழி 3: பைபாஸ் அறுவை

1948-ல் பிரான்சில் ழான் குன்லான் செய்து காட்டிய வழி: காலின் உள்பக்கம் ஓடும் நீண்ட சிரையை எடுத்து, அடைப்பைத் தாண்டி மேலும் கீழும் தைத்துவிடுவது. இங்கே எல்லாம் அந்தச் சிரையின் தரத்தைப் பொறுத்தது. நல்ல சிரை கிடைத்தால் பைபாஸ் பல ஆண்டுகள் ஓடும். கிடைக்காமல் செயற்கைக் குழாய் வைத்தால், முழங்காலுக்குக் கீழே அது சீக்கிரம் அடைக்கும். தொற்று வந்தால் பெரும்பாடு. ஆகவே அறுவைக்கு முன் ஸ்கேனில் சிரையின் அகலத்தை அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். இதய பைபாஸுக்கும் அதே சிரையைத்தான் எடுப்பார்கள், சுருட்டல் சிகிச்சையில் மூடிவிடுவதும் அதையேதான் என்பதால், பலருக்கு அது ஏற்கெனவே போயிருக்கும்.

மயக்க மருந்து, மருத்துவமனையில் பல நாள், கீறல் இடத்தில் தொற்று, மாதக்கணக்கில் கால் வீக்கம், பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள். இதயம் பலவீனமானவருக்கு அறுவையே ஆபத்து. முடிந்த பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் பார்த்து, சுருக்கம் தெரிந்தால் அடைக்கும் முன் சரிசெய்ய வேண்டும்.

தொடை இடுக்கில் மட்டும் அடைப்பு என்றால் பலூனும் பைபாஸும் அல்லாமல் இன்னொரு வழி உண்டு. பலரிடம் அதைச் சொல்வதில்லை. சின்னக் கீறலில் தமனியைத் திறந்து படிவைச் சுரண்டி எடுத்து, ஒட்டுப் போட்டு மூடுவது. அந்த இடத்தில் இது நன்றாக நிற்கும்.

## கால் ஆபத்தில் இருந்தால்: இரண்டு ஆய்வுகள், இரண்டு விடைகள்

நடை வலிக்கு முடிவெடுப்பது சுலபம். புண்ணோ ஓய்வு வலியோ உள்ளவர்களுக்குப் பலூன் முதலிலா, பைபாஸ் முதலிலா என்பதில்தான் நிபுணர்களே மோதிக்கொள்கிறார்கள்.

2022-ல் வந்த பெஸ்ட்–சி.எல்.ஐ. ஆய்வில் 1,830 பேர். நல்ல சிரை உள்ளவர்களில், காலுக்குப் பெரிய பாதிப்போ மரணமோ நேர்ந்தது பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதம், பலூன் வழியில் போனவர்களில் 57.4 சதவீதம். நல்ல சிரை இல்லாதவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த வருடமே பிரிட்டனிலிருந்து வந்த பேசில்–2 ஆய்வு தலைகீழாகச் சொன்னது. முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேரில், பெரிய கால் நீக்கமோ மரணமோ நேர்ந்தது பைபாஸ் பக்கம் 63 சதவீதம், பலூன் பக்கம் 53 சதவீதம்.

எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம். பேசில்–2-ல் வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் இறப்பு, கால் அல்ல. எல்லோருக்கும் அடைப்பு முழங்காலுக்குக் கீழே, ஆட்களும் வேறு. பெஸ்ட் ஆய்வு எண்ணியதில், திரும்பச் செய்ய வேண்டிவந்த பெரிய சிகிச்சைகளும் அடக்கம். நான் புரிந்துகொண்டது இது: உடம்பு தாங்கும், நல்ல சிரை இருக்கிறது, அடைப்பு நீளமானது, இன்னும் பல ஆண்டு நடமாட வேண்டியவர் என்றால் பைபாஸை முதலில் பேச வேண்டும். இதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவர், சிரை இல்லாதவர், சின்ன அடைப்பு என்றால் பலூன். ஒரு வழி மட்டுமே செய்யத் தெரிந்த இடத்தில் அந்த ஒரு வழிதான் சிறந்தது என்று சொல்வார்கள். இரண்டும் செய்கிற குழுவிடம் போவது நல்லது.

| அளவுகோல் | முறையான நடை | பலூன், ஸ்டென்ட் | பைபாஸ் |
|---|---|---|---|
| நடை வலி மட்டும் | முதல் தேர்வு | நடை பலிக்காவிட்டால், இடுப்பு, தொடை அடைப்புக்கு | அரிதாக |
| ஓய்வு வலி, புண் | போதாது | ஆம் | ஆம், நல்ல சிரை இருந்தால் |
| பலன் தெரியும் காலம் | வாரங்கள், மாதங்கள் | உடனே | சில நாள், ஆனால் தேற வாரங்கள் |
| நிலைப்பது | நடக்கும் வரை | இடுப்பில் நன்று, கீழே போகப் போகக் குறையும் | நல்ல சிரையில் நீண்ட நாள் |
| மறைமுகச் செலவு | நேரம், பிடிவாதம் | திரும்ப வருவது, கூடுதல் மாத்திரை | கீறல் தொற்று, வீக்கம், மயக்க மருந்து |

விரல் கறுத்துப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் போகிறதா என்று பார்க்காமல் விரலை மட்டும் எடுத்தால், எடுத்த இடமும் ஆறாது. அடுத்து பாதம், அடுத்து முழங்கால் என்று போகும். எதை எடுப்பதற்கு முன்னும் ரத்த ஓட்டத்தை அளந்து, சரிசெய்ய முடியுமா என்று ரத்தக்குழாய் நிபுணர் ஒருவர் பார்த்தாக வேண்டும். மற்றபடி, படுத்த படுக்கையாகவே இருப்பவருக்கோ தொற்று மேலே ஏறிக்கொண்டிருப்பவருக்கோ முதலிலேயே காலை எடுப்பதுதான் உயிரைக் காக்கும் என்ற நிலையும் உண்டு. அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை.

## ஒப்பிட நேரமே இல்லாத நிலை

திடீரென்று ஒரு கால் கடுமையாக வலிக்கிறது, வெளிறிச் சில்லிட்டுப் போகிறது, மரத்துப்போகிறது, விரலை அசைக்க முடியவில்லை. ரத்தக்கட்டி ஒன்று குழாயை ஒரேயடியாக அடைத்திருக்கிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை சாகத் தொடங்கிவிடும். தைலம் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பது எதுவும் வேண்டாம். நேராக, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த அவசரம் இல்லாதவர்கள் இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல் படங்கள் உள்ள சி.டி. தட்டையும், கணுக்கால் அழுத்த எண்களையும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் அளவையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முந்தின வாரம், எத்தனை நிமிடத்தில் வலி வருகிறது, எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று நாலு நாள் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.